மலிவு ஏர் ரைஃபிளை வீட்டுப் பட்டறையில் சீராக்குவது: கட்டை, திருகு, குறிமுள், குண்டு

ஆறாயிரம் எட்டாயிரம் ரூபாய் ஏர் ரைஃபிளை வாங்கியவர்களிடம் பொதுவாக ஒரே குறை கேட்கலாம்: "நேற்று சரியாக விழுந்தது, இன்று இரண்டு அங்குலம் தள்ளி விழுகிறது." உடனே பக்கத்தில் ஒருவர் "ஸ்பிரிங்கை மாற்று, பவர் பத்தவில்லை" என்பார். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம். கோளாறு பவரில் இல்லை, ஆட்டத்தில் இருக்கிறது.

இந்த வகை ஏர் ரைஃபிள் ஸ்பிரிங்கின் பலத்தில் சுடுவது; இந்த ஸ்பிரிங் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். விசையை இழுத்ததும் உள்ளே கனமான பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்றின் மேல் மோதிக் கொஞ்சம் பின்வாங்கி, மறுபடி முன்னால் போய் உட்காருகிறது. துப்பாக்கி முதலில் பின்னாலும் பிறகு முன்னாலும் அடிப்பது இதனால்தான். குண்டு குழலை விட்டு வெளியேறும்போது துப்பாக்கி அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் குண்டும் ஒரே இடத்தில் விழும். கட்டையை, அதாவது தோளில் வைக்கும் மரப்பகுதியை, இரும்போடு பிடிக்கும் திருகு ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தாலும் அசைவு மாறிவிடும். கீழே சொல்லும் வேலைகள் அத்தனையும் இந்த ஆட்டத்தைக் கொல்வதற்குத்தான்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, துளை 4.5 மி.மீ.க்கு, அதாவது 0.177 அங்குலத்துக்கு மிகாமல், ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்கும் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. அரை கிராம் குண்டு வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 10 ஜூல். அதே குண்டு 283 மீட்டர் வேகத்தைத் தொட்டால் 20 ஜூல் வந்துவிடும். கனமான ஸ்பிரிங் போட்டு அந்தக் கோட்டைத் தாண்டினால், கையில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். தருமபுரி, கிருஷ்ணகிரி மலையோர ஊர்களில் நாட்டுத் துப்பாக்கி வழக்குகளால் எத்தனை குடும்பங்கள் அலைந்திருக்கின்றன என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வெடிமருந்தில் சுடும் எந்தத் துப்பாக்கியிலும் வீட்டில் கை வைக்கக் கூடாது. இந்த வழிகாட்டி ஏர் ரைஃபிளுக்கு மட்டுமே. அதிலும் ஸ்பிரிங், பிஸ்டன், விசையின் கொக்கி (விசையை இழுக்கும்வரை பிஸ்டனைப் பிடித்து நிறுத்துவது) ஆகிய மூன்றையும் நாம் தொடப்போவதில்லை. வாங்கிய ரசீதைத் துப்பாக்கியோடு பத்திரமாக வையுங்கள்.

வேண்டியவை

திருகின் பள்ளத்துக்குள் ஆடாமல் உட்காரும் திருப்புளி இரண்டு. இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பொருந்தாத திருப்புளி நழுவித் தலையைத் தின்றுவிட்டால் அந்தத் திருகைக் கழற்றவே லேத் பட்டறைக்குப் போக வேண்டிவரும். உப்புத்தாள் 120, 180, 240, 320, 400 எண்களில் இரண்டிரண்டு. டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் 250 மி.லி., டர்பன்டைன் 250 மி.லி. மெதுவாக இறுகும் அரால்டைட் சிறிய பெட்டி ஒன்று. திருகு தானாகத் தளராமல் பிடிக்கும் பசையான லாக்டைட், நீல நிறத்தில் சிறு குப்பி. சிவப்பு வேண்டாம், அது இறுகினால் சூடு காட்டாமல் கழலாது. மாலிப்டினம் கிரீஸ், சிலிகான் எண்ணெய், பருத்தித் துணி, செடி வெட்டும் கருவிக்குப் போடும் நைலான் கம்பி ஒன்றரை மீட்டர், விட்டமும் கனமும் அளக்கும் வெர்னியர், கண்ணாடி. கண்ணாடி என்றால் கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி.

கை வைப்பதற்கு முன் ஒரு நாள் சுட்டுப் பாருங்கள்

இதைச் செய்யாதவர்களுக்குக் கடைசியில் எது பலன் தந்தது என்று தெரியாமலே போய்விடும். 10 மீட்டர் தூரத்தை டேப் வைத்து அளந்து, வெள்ளைத் தாளில் 30.5 மி.மீ. விட்டத்தில் கறுப்பு வட்டம் போடுங்கள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி இலக்கின் கறுப்புப் பகுதி இந்த அளவுதான். அதன் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வெறும் அரை மி.மீ. பயந்துவிட வேண்டாம், நம் அளவுகோல் வேறு. ஐந்து குண்டாக ஐந்து தாள் சுடுங்கள். ஒவ்வொரு தாளிலும் மிகத் தள்ளி இருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து, 4.5 மி.மீ. கழித்துத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

சுடும் இடத்தைப் பற்றி இந்த மாவட்டக்காரர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் வேலிக்கால் கருங்கல், மதில் கருங்கல், களத்து மேடும் கருங்கல். ஈயக் குண்டு கருங்கல்லில் பட்டால் தெறித்துச் சுட்டவர் பக்கமே திரும்பும். இலக்குக்குப் பின்னால் கல் இருக்கவே கூடாது. ஒரு அடிக்கு ஒரு அடி மரப்பெட்டி செய்து, பின்பக்கம் உள்ளே 3 மி.மீ. இரும்புத் தகடு வைத்து, அதற்கு முன்னால் பழைய துணியை ஆறு அங்குலத்துக்குக் குறையாமல் இறுக்கி அடையுங்கள். துணி தளர்வாக இருந்தால் குண்டு ஒரே இடத்தைத் தோண்டித் தகடு வரை போய்விடும். ஐந்நூறு குண்டுக்கு ஒருமுறை துணியைக் கலைத்து மாற்றி அடையுங்கள். எஃகு உருண்டைக் குண்டு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அது தெறிக்கும், குழலின் உள்வரிகளையும் அரிக்கும்.

கட்டையைக் கழற்றுவது

குழலைத் திறந்து உள்ளே குண்டு இல்லை என்று பாருங்கள். ஸ்பிரிங் ஏற்றாத நிலையில் இருக்க வேண்டும். குழல் திறந்திருக்கும்போது விசையைத் தொடவே கூடாது. ஸ்பிரிங் ஏறியிருந்தால் குழல் சவுக்கு மாதிரி மேலே எழும்பும். விரல் போகும், குழலும் வளையும். வளைந்த குழலை வீட்டில் நிமிர்த்த முடியாது.

குழலை மடக்கி ஸ்பிரிங் ஏற்றும் வகையில் பெரும்பாலும் முன் கட்டையின் இரு பக்கமும் ஒவ்வொரு திருகும், விசைக் காப்பில் ஒன்று அல்லது இரண்டும் இருக்கும். முன்திருகுகளை முதலில் தளர்த்தி, பின்திருகைக் கடைசியில் எடுத்தால் இரும்புப் பகுதி நேராக மேலே வரும். திருகுகளை எடுத்த வரிசையில் ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை என்று வரும். நெட்டையைக் குட்டையின் இடத்தில் போட்டால் உள்ளே ஸ்பிரிங்கையோ விசைப் பகுதியையோ இடிக்கும்.

இரும்புப் பகுதியை இதற்கு மேல் பிரிக்கக் கூடாது. ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. அழுத்திப் பிடிக்கும் சட்டம் இல்லாமல் பின் ஊசியைத் தட்டினால் அது முகத்துக்குப் பாயும். பிஸ்டன் முனையில் காற்றை அடைக்கும் வாஷரை மாற்ற வேண்டுமானால் ஏர் கன் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

திருகு ஓட்டைகள்: அதிகப் பலன் இங்கேதான்

கட்டையைத் திருப்பித் திருகு ஓட்டைகளைப் பாருங்கள். மலிவு துப்பாக்கியில் திருகுத் தலை நேராக மரத்தின் மேல் உட்காரும். ஓட்டையின் வாயில் மரம் நசுங்கி, நார் கறுத்து, எண்ணெய் ஊறிப் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகும். திருகை எவ்வளவு இறுக்கினாலும் மரம் இன்னும் கொஞ்சம் நசுங்கி இடம் விட்டுக்கொண்டே இருக்கும். இருபது குண்டுக்குப் பிறகு விழும் இடம் மாறுவது இதனால்தான்.

பின்திருகு செங்குத்தாகப் போவதால் அதற்குப் பித்தளை புஷ், அதாவது திருகு உள்ளே போகும் சிறு குழாய், போடலாம். திருகு 5 மி.மீ. என்றால் புஷ்ஷின் உள்விட்டம் 5.2, வெளிவிட்டம் 9 மி.மீ. நீளத்தைக் கட்டையில் அந்த இடத்தின் கனத்தை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். ஓசூர் சிப்காட்டைச் சுற்றிய லேத் பட்டறைகளில் இது டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. தருமபுரியிலும் பஸ் பாடி, டிராக்டர் வேலை செய்யும் பட்டறைகளில் செய்து தருவார்கள். துண்டுப் பித்தளை அவர்களிடமே கிடக்கும்.

கட்டையின் ஓட்டையை 10 மி.மீ. ஆக்குங்கள். கைத் துளைப்பான் கோணலாகப் போகும், மேசைத் துளைப்பான் உள்ள தச்சுப் பட்டறையில் போடுவது நல்லது. புஷ்ஷின் வெளிப்பக்கத்தை அரத்தால் கீறிச் சொரசொரப்பாக்கி அரால்டைட் தடவி இறக்குங்கள். இரும்புப் பகுதிக்கும் திருகுக்கும் கார் மெழுகு இரண்டு பூச்சுப் பூசி, காய்ந்ததும் அதன் இடத்தில் உட்கார வைத்துத் திருகை லேசாகப் பிடியுங்கள். இப்படிச் செய்தால் புஷ் தானாக நேராக நிற்கும். மெழுகை மறந்தால் துப்பாக்கியும் கட்டையும் ஒரே பொருளாகிவிடும். இது பலருக்கும் நடக்கிற தவறு. 24 மணி நேரம் அசைக்காதீர்கள். மேல் முனை இரும்பைத் தொட வேண்டும், கீழ் முனை திருகுத் தலையைத் தாங்க வேண்டும். நடுவில் மரத்துக்கு வேலை இல்லை.

முன்கட்டையின் பக்கத் திருகுகளுக்கு புஷ் போட மரம் போதாது. அங்கே நசுங்கிய நாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, குழிவான வாஷர் ஒன்றை அரால்டைட் வைத்துப் பதியுங்கள். மாட்டும்போது ஒவ்வொரு திருகிலும் நீல லாக்டைட் ஒரே சொட்டு. உள்ளங்கைப் பலத்தோடு இறுக்கினால் போதும், முழங்கைப் பலம் வேண்டாம்.

கட்டையை உங்கள் உடம்புக்கு வெட்டுவது

முழங்கையை நேர்கோணத்தில் மடக்கி, மடிப்பின் உட்புறத்திலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்துகொள்ளுங்கள். கட்டையின் பின்முனையிலிருந்து விசை வரை உள்ள நீளம் ஏறக்குறைய இதற்குச் சமமாக இருந்தால் தோளில் இயல்பாக உட்காரும். நீளம் கூடினால் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்க வேண்டிவரும், கன்னம் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் பதியும். குறைந்தால் மூக்கு கட்டைவிரலை இடிக்கும்.

வெட்டுவதாக இருந்தால் ரப்பர் அட்டையின் கனத்தையும் கணக்கில் சேருங்கள். 12 மி.மீ. ரப்பர் வைக்கிறீர்கள் என்றால் அந்த 12 மி.மீ.யையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். வெட்டும் கோட்டைச் சுற்றி டேப் ஒட்டி, மெல்லிய பல்லுள்ள ரம்பத்தால் அறுத்தால் விளிம்பு சிலும்பாது. முதலில் ஒரு சென்டிமீட்டர் குறைத்தே வெட்டிப் பாருங்கள்.

கன்னம் படும் இடம் தாழ்வாக இருந்தால் காய்ந்த தேக்குத் துண்டு ஒன்றை அளவாகச் செதுக்கி ஒட்டலாம். மாந்துண்டு இந்தப் பக்கம் எளிதாகக் கிடைக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள். ஈரம் குடிக்கும், உளுத்துப்போகும். எந்த மரமானாலும் பச்சையாக இருந்தால் ஒட்டிய இடம் ஒரு கோடைக்குள் விரியும்.

பழைய வார்னிஷை வார்னிஷ் எடுக்கும் திரவத்தால் கழற்றியபின் பள்ளங்களைப் பாருங்கள். நார் அறுபடாமல் நசுங்கியிருந்தால் உப்புத்தாள் வேண்டாம். ஈரத்துணியை மடித்து வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையை ஐந்து பத்து வினாடி அழுத்துங்கள். 'ஸ்ஸ்' என்று ஆவி எழும், மரம் மெல்ல உப்பி வரும். மூன்று நான்கு முறை செய்தால் பெரும்பாலான பள்ளம் காணாமல் போகும். நார் அறுந்த வெட்டுக் காயத்துக்கு இது பலிக்காது.

பிறகு 120-இல் தொடங்கி 240 வரை நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்த ஒரு கோடு எண்ணெய் பூசியதும் வெள்ளையாகத் தெரியும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் கட்டை முழுவதையும் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். நார்கள் மீசை மாதிரி எழுந்து நிற்கும். 320 வைத்து அவற்றை மட்டும் லேசாக எடுங்கள். இதை இரண்டு முறை செய்து 400-இல் முடிக்கலாம்.

முதல் பூச்சுக்கு லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சரிபாதி. இரும்பு உட்காரும் உள்பள்ளம், திருகு ஓட்டை, ரப்பருக்கு அடியில் உள்ள வெட்டுமுகம் எல்லாவற்றிலும் ஊறவிடுங்கள். வெளியே மினுமினுப்பாகவும் உள்ளே பச்சையாகவும் விட்ட கட்டை ஐப்பசி மழையில் ஈரம் குடித்து வளையும், பங்குனி வெயிலில் சுருங்கும், திருகு தளரும். இருபது நிமிடத்தில் மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். அதன்பின் நாளுக்கு ஒரு பூச்சாக, கலக்காத எண்ணெயை உள்ளங்கையால் சூடு பிறக்கத் தேய்த்து ஐந்தாறு பூச்சு. தருமபுரி வெயிலில் ஒரு நாளில் காயும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கக் குளிரில் இரண்டு நாள் கொடுங்கள். தொட்டால் பிசுபிசுத்தால் பூச்சு கனம் என்று அர்த்தம். டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடு கிளம்பும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் முக்கி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

குழலும் இரும்பும்

நைலான் கம்பியைப் பாதியாக மடித்து, மடிப்பின் கண்ணில் சிறு துணித் துண்டைச் சொருகி, குண்டு போடும் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக இழுங்கள். இரும்புக் கம்பி வாயை உரசினால் குழல் முனை கெடும். முனையில் சிறு பிசிறு இருந்தாலும் குண்டு ஒரு பக்கமாகச் சாயும். புதுத் துப்பாக்கியில் முதல் நாலைந்து துணி கறுப்பாகத்தான் வரும்.

குழல் வந்து மூடும் இடத்தில் ரப்பர் வளையமோ தோல் வளையமோ இருக்கும். மெல்லிய டிஷ்யூ தாளை ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்து அந்த மூட்டின் மேல் ஒட்டி, குண்டு போட்டு இலக்கில் சுடுங்கள். தாள் படபடத்துப் பறந்தால் காற்று ஒழுகுகிறது, வளையத்தை மாற்றுங்கள். குழலைக் கொஞ்சம் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆடினால் மூட்டுப் போல்ட்டை எட்டில் ஒரு சுற்று இறுக்கி மறுபடி பாருங்கள். ஆட்டம் நின்றதோடு விட்டுவிட வேண்டும். ஸ்பிரிங் ஏற்றும் தண்டு உரசும் இடத்திலும் மூட்டிலும் மாலிப்டினம் கிரீஸ் கடுகளவு.

பழைய மாடல்களில் பிஸ்டன் வாஷர் தோலில் இருக்கும். அதற்குச் சிலிகான் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு காற்றுத் துளையில் (பிஸ்டன் அழுத்திய காற்று குழலுக்குள் வரும் துளை) விட்டு, ஒரு இரவு நிமிர்த்தி வைத்தால் தோல் மிருதுவாகும். பிளாஸ்டிக் வாஷருக்கு எதுவும் வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் அந்தத் துளைக்குள் போகக் கூடாது. அழுத்தத்தில் காற்று கடும் சூடாகி, டீசல் இன்ஜினில் நடப்பது போல எண்ணெய் வெடிக்கும். 'டப்' என்று பெரிய சத்தம், கருகல் வாசனை, புகை. சிலர் அதைப் பவர் கூடிவிட்டது என்று சந்தோஷமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஸ்பிரிங்கும் வாஷரும் கெடுவது அங்கேதான்.

வெளித் துருவுக்கு 0000 எண் இரும்புப் பஞ்சில் எண்ணெய் தொட்டு மெல்லத் தேய்த்தால் போதும்.

விசை, குறிமுள்

விசையில் தொழிற்சாலை வைத்த சரிசெய்யும் திருகு இருந்தால் குறிப்பேட்டில் சொன்ன அளவுக்குள் திருப்பலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கொக்கியை அரம் வைத்து மிருதுவாக்கிய துப்பாக்கி கீழே வைத்த அதிர்ச்சியிலேயே சுடும். வேலை எல்லாம் முடிந்ததும், குண்டு போட்டு மூடி, இலக்குப் பெட்டியை நோக்கிப் பிடித்து, விசையைத் தொடாமல் கட்டையை உள்ளங்கையால் நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். தானாகச் சுட்டுவிட்டால் அன்றோடு நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

குழல் முனையில் குறி பார்க்க நிற்கும் முன்குறிமுள் வெயிலில் மின்னினால் கண் ஏமாறும். இதற்குப் பழைய கைவழி ஒன்று இருக்கிறது. பூஜைக் கற்பூரம் ஒன்றை ஏற்றி, அதன் கரும்புகை நுனியில் குறிமுள்ளை இரண்டு வினாடி காட்டுங்கள். மினுக்கமே இல்லாத கன்னங்கரிய மசி படியும். விரல் பட்டால் போய்விடும், சுடுவதற்கு முன் மறுபடி காட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் குறிமுள் என்றால் இதைச் செய்யாதீர்கள்.

பின்குறிக்கான கணக்கு எளிது. இரண்டு குறிகளுக்கும் இடையே 450 மி.மீ., குண்டு 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் விழுகிறது என்றால், பின்குறியை 0.45 மி.மீ. வலப்பக்கம் நகர்த்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின்குறி அந்தப் பக்கம். முன்குறி என்றால் நேர்மாறு.

தொலைநோக்கி மாட்டுபவர்கள் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கென்றே செய்ததை வாங்குங்கள். முன்னும் பின்னும் அடிக்கும் அதிர்வைச் சாதாரணத் தொலைநோக்கி தாங்காது, உள்ளே குறுக்குக்கோடு கழன்றுவிடும். பின் வளையம் நகராமல் ஒரு தடுப்பும் வேண்டும்.

குண்டும் பிடியும்

தட்டை முகக் குண்டில் இரண்டு வகை, உருண்டை முகத்தில் ஒரு வகை என்று மூன்று டப்பா வாங்கி ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து சுட்டு ஒப்பிடுங்கள். உங்கள் குழலுக்கு எது பிடிக்கும் என்பது சுட்டால்தான் தெரியும், விலை சொல்லாது. பாவாடை மாதிரி விரிந்த பின்பகுதி நசுங்கிய குண்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். ஈயம் தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

முன்கட்டையை இறுக்கிப் பிடிக்காதீர்கள். திறந்த உள்ளங்கையில் கிடக்கவிடுங்கள், தோளிலும் லேசாக. எல்லா முறையும் கட்டையின் ஒரே இடம் கையில் படும்படி அடியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். கல்லின் மேலோ மேசை விளிம்பிலோ நேரடியாக வைத்துச் சுட்டால் துப்பாக்கி துள்ளும், குண்டு மேலே போகும்.

இப்போது பழைய ஐந்து தாள்களை எடுத்து, அதே 10 மீட்டரில் புதிதாக ஐந்து சுட்டுப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து குண்டும் 20 மி.மீ.க்குள் வந்தால் மலிவு துப்பாக்கிக்கு அது நல்ல வேலை. 30-க்கு மேல் நின்றால் முதலில் திருகுகளையும், பிறகு குண்டின் வகையையும், அதன்பின் மூட்டுப் போல்ட்டையும் பாருங்கள். பெரும்பாலும் காரணம் முதல் இரண்டிலேயே அகப்படும்.

சீரான துப்பாக்கி கையில் வந்ததும் மாந்தோப்புக் குரங்கும் கிளியும் கண்ணில் படும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஏர் ரைஃபிளால் சுட்டாலும் பொருந்தும். அஞ்செட்டி, பென்னாகரம் போலக் காட்டை ஒட்டிய ஊர்களில் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நடப்பதே வம்பு. உறையில் வைத்து எடுத்துப்போய், அளந்த இடத்தில் தாளைச் சுட்டுவிட்டு உறையில் வைத்தே திரும்புங்கள்.

சுட்டு முடித்ததும் வியர்வைக் கை பட்ட இரும்பை எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடையுங்கள், இல்லாவிட்டால் விரல் ரேகை அப்படியே துருவாக எழும். ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் ஒருபோதும் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் ஸ்பாஞ்ச் உறைக்குள் அடைத்து வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். துணி சுற்றிப் பீரோவில் பூட்டுங்கள். குண்டு டப்பா வேறு இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.